ஒரே வீட்டில் உட்கார்ந்த இருவர்

மகன் வீட்டுக்குள் இருக்கும்போது பாய்லர்காரர் உட்கார மாட்டார்.

முப்பத்திரண்டு வருஷமாக அப்படித்தான். சாப்பாட்டுத் தட்டை இடது உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, சமையலறை மேடையில் இடுப்பைச் சாய்த்து, நின்றவாக்கிலேயே சாப்பிட்டு முடித்துவிடுவார். சட்டைப் பித்தான் தைப்பது, முகம் மழிப்பது எல்லாம் ஜன்னலோரம் நின்றபடிதான். அலுப்பாக இருந்தால் நேராகப் போய்ப் படுத்துவிடுவார். நிற்பதற்கும் படுப்பதற்கும் நடுவில் உட்காருவது என்று ஒன்று இருப்பதே மனுஷனுக்குத் தெரியாது போல என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். வீட்டுக்கு வந்தவர்கள் சங்கடப்பட்டு, அவர் வீட்டு நாற்காலியை அவருக்கே இழுத்துப் போட்டு, "நீங்களும் உக்காருங்களேன்" என்று உபசாரம் செய்வார்கள்.

"நீங்க உக்காருங்க. அவருக்கு உக்காந்தா சுடும்" என்பாள் மனைவி.

வேலைப் பழக்கம் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் பாய்லர் அவர் பொறுப்பு. தினமும் ஆயிரத்துச் சொச்சம் படுக்கை விரிப்புகள், டாக்டர்களின் கோட்டுகள், நோயாளிகளின் கவுன்கள் எல்லாம் அவர் கொடுக்கும் நீராவியில்தான் வெளுத்தாக வேண்டும். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம், நீராவி அழுத்தம் காட்டும் கேஜில் நடுங்கும் முள், அந்த முள் தாண்டக் கூடாத ஒரு சிவப்புக் கோடு. வேலைக்குச் சேர்ந்த அன்று மேஸ்திரி அந்தக் கோட்டைக் காட்டி, "இதைத் தாண்டக் கூடாது" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். தாண்டினால் என்ன ஆகும் என்று இவர் கேட்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் முள்ளைத் தாண்ட விடவும் இல்லை. ஒரு தடவை சொன்னால் போதும், இரண்டாம் தடவை கேட்காத ரகம். அதுதான் அவருடைய பெருமை. அவரைப் பாடாய்ப் படுத்தியதும் அதுதான்.

கல்யாணமாகி ஏழு வருஷம் குழந்தை இல்லை. இரண்டு தடவை உண்டாகி, இரண்டு தடவையும் நிற்கவில்லை. மூன்றாவதாக வந்தவன் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைச்சலாக, எலிக்குஞ்சு மாதிரி சிவப்பாகப் பிறந்தான். தாய்க்குக் காய்ச்சல் விடவில்லை. குழந்தைக்குப் பதினெட்டு நாளானபோது, மருந்துச் சீட்டு ஒரு பையிலும் பிறந்த நேரம் குறித்த தாள் இன்னொரு பையிலுமாக இவர் கடைத்தெருவுக்குப் போனார். ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் பெரியவர் ஒருவர் இருந்தார். ஸ்டாம்ப், ஜெராக்ஸ், ஜாதகம் மூன்றும் அவருக்கு ஒரே மேஜையில்தான். கெட்டிக்காரர் என்று பேர். தாளைப் பார்த்துக் கணக்குப் போட்டு, பன்னிரண்டு கட்டம் கிழித்து, கிரகங்களை எழுதியவர், ஒரு கட்டத்தில் பேனாவை நிறுத்தினார்.

"அப்பனும் பிள்ளையும் ஒரே வீட்டுல உக்காந்திருக்காங்களே" என்றார், தலை நிமிராமலே. "அது ஆகாது. ஆனா விலகி இருந்தா தோஷமில்ல. இருங்க, பாத்துடலாம்."

எதையோ தேடி உள்ளே போனார். மருந்துக்கடையை ஒரு மணிக்கு அடைத்துவிடுவார்கள். மணி ஒன்றாகப் பத்து நிமிஷம். பாய்லர்காரர் இரண்டு நிமிஷம் நின்று பார்த்தார், பிறகு ஓடினார். இரண்டு நாள் கழித்து ஜாதக நோட்டை வாங்கப் போனபோது பெரியவர் கடையில் இல்லை. அவருடைய பெண், பள்ளிக்கூடச் சீருடையில் இருந்தவள், எழுதி முடித்த நோட்டை எடுத்துக் கொடுத்தாள்.

ஆகாது என்றால் யாருக்கு ஆகாது? இரண்டு கிலோ கூட இல்லாத அந்த உயிருக்குத்தான் என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார். திரும்பப் போய்க் கேட்கவும் பயம். கேட்டு, இதைவிடப் பெரிசாக ஏதாவது சொல்லிவிட்டால்? மனைவியிடம் சொல்ல வழியில்லை. அவள் அப்போதுதான் பிழைத்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வீட்டை விட்டுப் போகவும் முடியாது. கடைசியில், பெரியவர் சொன்ன வார்த்தையையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். உக்காந்திருக்காங்க என்றுதானே சொன்னார்? சரி, உட்காராமல் இருந்துவிடலாம். விலகி இருந்தால் போதும் என்றாரே, அதற்கும் ஒரு வழி இருந்தது. சலவைக்கூடத்தில் யாரும் விரும்பாத இரண்டாவது ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

விதி கேட்டது நாற்காலியைத்தானே, குழந்தையை இல்லையே என்று அவருக்கு ஆறுதல். ஒவ்வொரு பிறந்தநாளிலும் பையனின் உயரத்தைக் கதவுநிலையில் கோடு போட்டுவிட்டு, யாருக்கென்று தெரியாமல் மனதுக்குள் ஒரு நன்றி சொல்லிக்கொள்வார்.

ஆனால் தெரு வீடாகாது அல்லவா? வீட்டுக்கு எதிரே ஒரு பஸ் நிறுத்தம் இருந்தது. பஸ் வேறு வழியாகப் போக ஆரம்பித்துப் பல வருஷம் ஆகியும், தகரக் கூரையும் சிமெண்டுப் பெஞ்சும் அப்படியே நின்றன. அப்பாவும் பிள்ளையும் அங்கே உட்கார்ந்தார்கள். காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை என்றால் பொழுது சாயும் வரை. கூட்டல் கழித்தல் அங்கேதான். சைக்கிளிலிருந்து விழுந்த முழங்காலுக்கு மருந்து போட்டதும் அங்கேதான். மழை வந்தால் கூரை ஒழுகும் பக்கம் அப்பா, ஒழுகாத பக்கம் பிள்ளை. பரீட்சையில் தோற்றதை முதலில் அங்கேதான் சொன்னான். பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று, காலால் மண்ணைக் கிளறிக்கொண்டே சொன்னதும் அங்கேதான்.

"பல்லு காட்டி மயக்கிட்டாளா?" என்று கேட்டார் அப்பா.

"என் பல்லைத்தான் அவ முதல்ல பாத்தா. ரெண்டு சொத்தை."

"அதைப் பாத்துமா சரின்னா? விட்டுடாதே."

ஜன்னலிலிருந்து மனைவி குரல் கொடுப்பாள். "மந்திரிசபை கலைஞ்சுதா? சோறு ஆறுது!" மகன் உள்ளே வந்ததும் இவர் எழுந்து வாசலுக்குப் போவதைப் பார்த்து அவள் அவருக்கு வெளிநடப்பு என்று பேர் வைத்திருந்தாள். "நம்ம வெளிநடப்பு எங்கே?" என்று தேடுவாள்.

மகன் கல்யாணம் செய்துகொண்டு தனியாகப் போனான். இவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். பகலில், அவன் இல்லாத வீட்டில், முதன்முதலாக நாற்காலியில் சாய்ந்து டீ குடித்தார். அவன் வரும் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்துவிடுவார்.

அப்படியே போயிருக்கும். வீட்டுச் சொந்தக்காரர் வீட்டை விற்கப்போவதாகவும், மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்றும் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகன், மருமகள், ஏழு மாதப் பேத்தி மூவரும் வந்தார்கள். மூன்று அறை ஃபிளாட் ஒன்றைப் பிடித்திருந்தார்கள்.

"பின்னாடி ரூம் உங்களுக்கு மாமா. காலை வெயில் வரும்" என்றாள் மருமகள். மனைவி அதற்குள் எந்தப் பாத்திரத்தை எடுப்பது, எதைக் கழிப்பது என்று மனதில் பிரிக்கத் தொடங்கியிருந்தாள்.

கதவோரம் நின்ற பாய்லர்காரர் தொண்டையைச் செருமினார். "அம்மா உங்ககூட வரட்டும். நான் ஆஸ்பத்திரி பக்கத்துல ஒரு ரூம் பாத்துக்கறேன்."

"ரூமா?" என்றாள் மனைவி. "அறுபத்திரண்டு வயசுல சின்ன வீடா?"

மருமகள் சிரித்துவிட்டு, கணவன் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"நான் உள்ள வந்தா நீ எழுந்துக்கறே" என்றான் மகன். குரலை உயர்த்தவில்லை. "சின்னதுலேர்ந்து பாக்கறேன். நான் என்ன உன் சூப்பர்வைசரா? என்கூட ஒரே வீட்டுக்குள்ள உக்கார உனக்கு என்னப்பா கஷ்டம்?"

"கஷ்டமெல்லாம் இல்லடா."

"அப்புறம் என்ன?"

"வெளிய வா, பேசலாம்" என்றார், பழக்க தோஷத்தில்.

"வரலை. இங்கயே சொல்லு."

பாய்லர்காரர் கதவுநிலையில் இருந்த உயரக் கோடுகளைத் தடவினார்.  மகன் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினான். அது அவன் தோளுக்கு மேலாகத் தாத்தாவைப் பார்த்துச் சிரித்தபடியே போயிற்று.

அந்தச் சிரிப்புதான் அவரைக் கிளப்பியது. முப்பத்திரண்டு வருஷம் கேட்காத இரண்டாவது தடவையை மறுநாள் கேட்பது என்று தீர்மானித்தார்.

ஸ்டாம்ப்காரப் பெரியவர் காலமாகிவிட்டார். கடையை நடத்துவது அவருடைய பெண்தான். இப்போது அவளை ஜெராக்ஸ்காரம்மா என்கிறார்கள். மெஷின் சூட்டில் தாள் வாசனை கடை முழுக்க இருந்தது. விரலில் தாள் புரட்டும் ரப்பர் உறை, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. கூட்டம் கலையும் வரை இவர் ஓரமாக நின்றார்.

"உங்களுக்கு எத்தனை காப்பிங்க?"

"காப்பி வேணாம்மா. இது உங்கப்பா கைப்பட எழுதின ஜாதகம், என் பிள்ளையோடது. விலகி இருந்தா போதும்னு சொன்னார். எவ்வளவு விலகணும்னு கேக்காம விட்டுட்டேன். இப்ப ஒரே ஃபிளாட்டுக்குப் போக வேண்டி வருது. தனித்தனி ரூம்னா போதுமா, இல்ல மாடியே வேற வேணுமா?"

அவளுக்குப் புரியவில்லை. "யாரு விலகணும்?"

"நானும் என் பிள்ளையும்."

"எதுக்கு?"

பெரியவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தார். ஒரு எழுத்துக் குறையவில்லை. அப்பனும் பிள்ளையும் ஒரே வீட்டில் உட்கார்ந்திருப்பதையும், அது ஆகாது என்றதையும், விலகி இருந்தால் தோஷமில்லை என்றதையும் சொல்லிவிட்டு, தான் பாதியில் மருந்துக்கடைக்கு ஓடியதையும், அன்றிலிருந்து உட்காராமல் இருந்து வருவதையும் சொன்னார், கேஜைச் சரியாகப் பார்த்துக்கொண்டதை மேலாளரிடம் சொல்வது போல.

ஜெராக்ஸ்காரம்மா கண்ணாடியைக் கழற்றினாள். நோட்டைத் திறந்து கட்டத்தைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள்.

"ஐயா, எங்கப்பா எந்தக் கிரகத்தையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். எல்லாரையும் சொந்தக்காரங்க மாதிரிதான் பேசுவார். சந்திரன்னா அம்மா, செவ்வாய்னா தம்பி, புதன் மாமன், வியாழன் வாத்தியார். ராகு கேதுவை மட்டும் அந்த ரெண்டு பேருன்னுவார். சூரியனோட பிள்ளை சனி. கதையே அப்படித்தான். அதனால சூரியன் அப்பன், சனி பிள்ளை." ஒரு கட்டத்தில் விரலை வைத்தாள். அதில் சூ என்றும் சனி என்றும் எழுதியிருந்தது. "இந்தக் கட்டத்துக்குப் பேர்தான் வீடு. இது மகர வீடு. அவர் சொன்ன அப்பன் நீங்க இல்லைங்க. பிள்ளை உங்க பிள்ளையும் இல்லை."

பாய்லர்காரர் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உக்காந்திருக்காங்கன்னாரே?"

"கிரகத்தை அப்படித்தாங்க சொல்லுவோம். அதுங்களுக்குக் காலா, நாற்காலியா?"

"அப்ப, விலகி இருந்தா தோஷமில்லன்னது?"

அவள் மூன்றாம் பக்கத்தைப் புரட்டினாள். முழுக்க எண்கள். இவர் ஒரு நாளும் அந்தப் பக்கத்தைப் படிக்க முயன்றதில்லை. எண்களுக்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலில் சின்னதாக ஒரு வரி இருந்தது. அவள் வாய்விட்டுப் படித்தாள். "அப்பன் இரண்டு. பிள்ளை இருபத்துநாலு. நல்ல விலகல். தோஷமில்லை."

"ஒரு வீட்டுக்கு முப்பது பாகை" என்று விளக்கினாள். "ஒரே கட்டத்துல எழுதிட்டா ஒட்டி இருக்காங்கன்னு அர்த்தமில்ல. இங்க பாருங்க, அப்பன் ரெண்டாவது பாகையில, இப்பத்தான் வாசப்படி ஏறினவர் மாதிரி நிக்கறார். பிள்ளை இருபத்துநாலுல, பின்கட்டுல. கிட்டக்க இருந்தாதான் சூரியன் வெளிச்சத்துல சனி மங்கிப் போகும். இது அப்படி இல்ல. நீங்க மருந்துக்கடைக்கு ஓடின பிறகு எங்கப்பா உக்காந்து கணக்குப் பாத்து எழுதியிருக்கார்."

"அப்ப எங்களுக்குள்ள ஒண்ணும் வராதா?"

"பொய் சொல்ல மாட்டேங்க. சூரியனும் சனியும் சேந்தா அப்பனுக்கும் மகனுக்கும் மனஸ்தாபம்னு பொதுவா நூல்ல இருக்கும். அது எந்த வீட்டுலதான் இல்ல?" சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள். "இன்னொண்ணு. மகரம் யாரோட வீடு தெரியுமா? சனிக்குச் சொந்த வீடு. இந்த ஜாதகத்துல அப்பன்தான் பிள்ளை வீட்டுக்கு வந்து இருக்கார்."

பாய்லர்காரர் அங்கே கிடந்த முக்காலியை இழுத்து உட்கார்ந்தார். 

"மன்னிச்சுக்கங்க ஐயா. எங்கப்பா வாய் அப்படி" என்றாள் அவள். கண் கலங்கிவிட்டது.

"எதுக்கும்மா? அவர் சரியாத்தான் சொல்லியிருக்கார். பாத்துடலாம்னு சொன்னார், பாத்தும் இருக்கார். என் பிள்ளைக்கு தோஷமில்லைன்னு பென்சில்ல எழுதி என் கையிலயே கொடுத்திருக்கார். நான்தான் பக்கத்தைத் திருப்பலை." நோட்டை இழுத்து அந்தப் பென்சில் வரியை விரலால் தொட்டார். "அந்த வார்த்தையை நான் தப்பா கேக்கலைன்னா, ஷிப்டு முடிஞ்சு வந்து நாற்காலியில சாஞ்சிருப்பேம்மா, பிள்ளையோட தெருப் பெஞ்சுல உக்காந்து பேசியிருக்க மாட்டேன். எங்கப்பா அப்படித்தான் சாஞ்சிருந்தார். அவரோட நான் மொத்தமா பேசினது ஒரு போஸ்ட் கார்டுல அடங்கிடும்."

வீட்டில், பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்த மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். "சனி கிரகத்தோடவா இத்தனை நாள் சம்பந்தம் கொண்டாடினீங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கை அப்படியே நின்றது. சிரிப்பு போய்விட்டது.

"எனக்கு ஏன் சொல்லலை?"

"நீ பயப்படுவேன்னு."

"பயந்திருப்பேன். ராத்திரி பூரா அழுதிருப்பேன். விடிஞ்சதும் அந்த மனுஷன் கடை வாசல்ல போய் நின்னு, என்னய்யா சொன்னே என் புருஷன்கிட்டன்னு கேட்டிருப்பேன். ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும்." கரண்டி ஒன்றைச் சுற்றி, சரியாக வராமல் பிரித்து, மறுபடி சுற்றினாள். "முப்பத்திரண்டு வருஷம் நான் தனியா உக்காந்து சாப்பிட்டிருக்கேன். நீங்க மேடையோரம் நின்னு, அவன் படிச்சுக்கிட்டே. என்கூட உக்காரப் பிடிக்கலையோன்னு கூட நெனச்சிருக்கேன்."

 அவள் சொன்னது அத்தனையும் சரி. "ஆமா" என்றார். "தப்புதான்." செய்தித்தாளில் ஒரு பக்கத்தைக் கிழித்து, அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, டம்ளர்களைச் சுற்ற ஆரம்பித்தார்.  அவர் சுற்றிய டம்ளர்களை அவள் ஒவ்வொன்றாகப் பிரித்து, சரியாகச் சுற்றி வைத்தாள்.

மகனுக்கு அவள்தான் போன் செய்து சொன்னாள். எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். அவன் வேலை முடிந்து நேராக வந்தான். வந்தவன், அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான்.

"நெஜமாவாப்பா?"

"உக்காரு."

இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். எங்கே பார்ப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. வெளியே என்றால் போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு பேசலாம்.

"என்கூடப் படிச்சவனுங்க அப்பாவெல்லாம் டிவி முன்னாடி உக்காந்தா எழவே மாட்டாங்க" என்றான் மகன். "எனக்கு மட்டும்தான் வெளிய கூட்டிட்டுப் போற அப்பா. நான் கொடுத்து வச்சவன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். நீ என்னடான்னா பயந்துக்கிட்டு கூட்டிட்டுப் போயிருக்கே."

"பயந்துதான் போனேன். அப்புறம் பிடிச்சுப் போச்சு."

மகன் சிரிப்பதா என்று யோசித்து, சிரித்தான். "நீ எழுந்து போறப்பெல்லாம் நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு நெனப்பேன், தெரியுமா?"

"தெரியாதுடா. தெரிஞ்சிருந்தா கட்டத்தைக் கிழிச்சுப் போட்டிருப்பேன்."

மாதக் கடைசியில் வீடு மாறினார்கள். பின்பக்க அறையில் சொன்னபடி காலை வெயில் வந்தது. முதல் சில நாள், டாக்டர் கூப்பிடக் காத்திருப்பவர் போல நாற்காலி விளிம்பில்தான் உட்கார்ந்தார். மகனும் வாடகைக்கு வந்தவன் மாதிரி மரியாதையாக நடந்துகொண்டான். "ஃபேன் போடட்டுமாப்பா?" "வேணாம்ப்பா, உனக்கு வேணும்னா போட்டுக்கோ." மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை. "என்னம்மா இது, பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி" என்று மருமகளிடம் முணுமுணுத்தாள்.

பன்னிரண்டாம் நாள் காலை. மேஜையில் ஒரு பக்கம் பாய்லர்காரர், மடியில் பேத்தி. எதிரே மகன். பேத்தி கையில் ஒரு பிஸ்கட் துண்டு.

"அப்பா, பிஸ்கட் குடுக்காதே. சர்க்கரை. டாக்டர் ஒரு வயசு வரைக்கும் கூடாதுன்னிருக்கார்."

"ஒரு துண்டுடா. பல்லு முளைக்குது அவளுக்கு, கடிக்கட்டும்."

"அதுக்குத்தான் ரப்பர்ல வளையம் வாங்கி வச்சிருக்கோம்ல?"

"ரப்பரைக் கடிச்சா பசி அடங்குமா? உனக்கு நான் குடுக்கலையா? நீ வளரலையா?"

"வளந்தேன்! ரெண்டு சொத்தைப் பல்லோட! உன் மருமகளைக் கேளு!"

"அந்தச் சொத்தை இல்லேன்னா உனக்குக் கல்யாணமே ஆயிருக்காதுடா!"

"பேச்சை மாத்தாதே! நான் சொல்றதைக் கேளு!"

"நீ சொல்லி நான் கேக்கணுமா?"

குரல் பக்கத்து ஃபிளாட்டுக்குக் கேட்டிருக்கும். மருமகள் குளியலறையிலிருந்து, பாதி வாரிய தலையோடு ஓடி வந்தாள். சமையலறை வாசலில் நின்ற மாமியாரைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள், "அத்தை, சண்டையா?"

"ஆமாம்மா." அவள் முந்தானையில் கையைத் துடைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "நடக்கட்டும். ரெண்டு பேரும் எழுந்திருக்கலை, பாத்தியா?"

பாய்லர்காரருக்குக் காது சூடாகியிருந்தது. கோபம்தான், சந்தேகமில்லை. அந்தக் கோபத்துக்கு அடியில், முப்பத்திரண்டு வருஷம் தாமதமாக, எல்லா அப்பன்களுக்கும் கிடைப்பது தனக்கும் கிடைத்துவிட்டது என்று ஒரு நிறைவு மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அதை முகத்தில் காட்டினால் மகன் ஜெயித்துவிடுவான் என்று மேஜையை ஒரு தட்டுத் தட்டி, "டாக்டர் என்ன டாக்டர்" என்று தொடர்ந்தார். மகனும் விடவில்லை.

இருவரும் வாதாடி முடிப்பதற்குள் பேத்தி பிஸ்கட்டைத் தின்றே முடித்திருந்தாள்.